கவிழ்த்து வைத்த ஐஸ் பெட்டி

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று நம் அலுவலகத்தில் கேட்டார்கள். வாடகை வீடுகளுக்கு மின்சோதனைக்குப் போனால் எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பார்கள். அதெல்லாம் உங்கள் கையில் இருக்கும் படிவத்திலேயே வரிசையாக இருக்கிறது. மீட்டர் பிடிக்கவும் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. போன வாரம் அலுவலகத்துக்கு வந்தபோது பார்த்தேனே, நான் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் உங்களில் ஒரு பெண் மூன்று அளவு எடுத்து எழுதியும் முடித்துவிட்டாள்.

அதனால் வேறொன்று சொல்கிறேன். முப்பத்தோரு வருஷம் இந்த வேலையில் இருந்தேன். ஏணியிலிருந்து விழுந்திருக்கிறேன், நாய் கடித்திருக்கிறது, வீட்டுக்காரர்கள் சட்டையைப் பிடித்திருக்கிறார்கள். அப்போதெல்லாம் வராத பயம், நானே போட்ட ஒரு கையெழுத்தை நினைத்து ஒரு நாள் மதியம் எனக்கு வந்தது. இதை எழுதும்போதே இரண்டு முறை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

காசிமேட்டில், மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஐந்து நிமிஷ நடையில் ஒரு கம்பவுண்டு. ஒரே வரிசையில் ஆறு வாடகை வீடுகள், கடைசியில் எல்லாருக்கும் பொதுவான குளியலறை, அதற்குப் பக்கத்தில் தண்ணீர் மோட்டார், மோட்டாருக்குப் பின்னால் மூலையில், கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் குழி. வீட்டுக்காரர் வேறு பக்கம் குடியிருந்தார். கெட்ட மனுஷர் இல்லை. அடுத்த தெருவில் ஒரு வீட்டில் ஒயர் எரிந்து புகை வந்ததைக் கேள்விப்பட்டுத் தானாகவே நம்மைக் கூப்பிட்டார். அப்படிக் கூப்பிடுகிறவர்கள் எத்தனை பேர் என்று கொஞ்ச நாளில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

நான் போனது மாசி மாதம். ஐந்து வீட்டையும் பார்த்து முடித்து, பூட்டியிருந்த ஆறாவது வீட்டைத் தாண்டி எர்த் குழிக்கு வந்தேன். மீட்டரை எடுத்து வைத்துக்கொண்டு குனிந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல்.

"கொஞ்சம் தள்ளு நைனா, மேல பட்டுடப் போவுது."

திரும்புவதற்குள் பட்டுவிட்டது. ஆறாவது வீட்டு ரெஜினா, ஐம்பதைத் தொடும் வயசு, வியாபாரம் முடித்து வந்து தன் நீல நிற ஐஸ் பெட்டியை அந்த மூலையில் கவிழ்த்தாள். மீன் வாடையும் உப்பும் கலந்த ஐஸ் தண்ணீர் என் பேண்ட்டை முழங்கால் வரை நனைத்தது. விடியற்காலையில் துறைமுகத்தில் ஏலம் எடுத்து, ராயபுரம் மார்க்கெட்டு ஓரத்தில் உட்கார்ந்து விற்றுவிட்டு, மதியம் வீட்டுக்கு வந்து பெட்டியைக் கழுவுவது அவள் வழக்கம். ஐஸ் சீக்கிரம் கரையாமல் இருக்க அதில் கல்லுப்பு அள்ளிப் போடுவாள்.

"இன்னாமா இது, இங்கதான் ஊத்தணுமா?" என்று கத்தினேன்.

"வாசல்ல ஊத்துனா கலீஜா கீதுன்னு இதுங்க சண்டைக்கு வருது. இங்க ஊத்துனா மண்ணே குடிச்சிடுது. எட்டு வருஷமா இங்கதான் ஊத்திகினு கீறேன், ஒருத்தர் கேட்டதில்ல. நீ இன்னா புதுசா?"

ஈரக் காலோடு குழியைச் சோதித்தேன். அளவு இரண்டு ஓமுக்கும் கீழே வந்தது, எர்த்துக்கு அது குறையக் குறைய நல்லது. கடலோரத்தில் துருப்பிடித்த கம்பிகளையே பார்த்துப் பார்த்துச் சலித்தவனுக்கு அது தங்கம் மாதிரி. உப்புக் காற்று, மணல் தரை, ஈரம் எங்கே போய்விடும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். மறுபடி ஒரு முறை அளக்கவும் இல்லை, வேறொரு நாள் வந்து பார்க்கவும் தோன்றவில்லை. நாம் புதுக் குழி போடும்போது மண்ணில் கரண்ட் எளிதாக இறங்க உப்பும் கரியும் கொட்டித் தண்ணீர் ஊற்றுகிறோமே, அதே வேலையை ரெஜினா எட்டு வருஷமாகத் தினமும் மதியம் தவறாமல் செய்துகொண்டிருந்தாள். என் கண் முன்னால் செய்தாள். என் பேண்ட்டின் மேலேயே செய்தாள்.

பேண்ட்டை நனைத்த பாவத்துக்கு டீ போட்டுக் கொடுத்தாள். வாசல் படியில் உட்கார்ந்து குடித்தேன். அவள் பேசிக்கொண்டே இருந்தாள். வீட்டு மூலையில் பெரிய கிரைண்டர் ஒன்று துணி போர்த்தி நின்றது. அதைக் காட்டி, "இத்த சித்திரைல பாரு. தடைக்காலத்துல லாஞ்சு ஒண்ணும் கடலுக்குப் போவாது, எனக்கு மீனு இல்ல. அப்போ இட்லி மாவு அரைச்சி விப்பேன். காலைல உக்காந்தா மூணு மணி வரைக்கும் ஓடிகினே இருக்கும்" என்றாள். நான் தலையாட்டினேன். கிரைண்டரின் பிளக்கைப் பார்த்தேன், மூன்று முனையும் சரியாக இருந்தது, சந்தோஷம்.

இனி நான் எழுதிக் கொடுத்ததைக் கேளுங்கள். அந்தக் கம்பவுண்டில் ட்ரிப் ஸ்விட்ச் கிடையாது. கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து ஆளைக் காப்பாற்றுமே, அது. இல்லை என்பதை முறையாகக் குறித்தேன். வீட்டுக்காரர் முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆறு வீட்டுக்கும் உடனே போட வேண்டுமா என்று கேட்டார். தானாகக் கூப்பிட்ட மனுஷரை விரட்டிவிடக் கூடாது என்று நினைத்தேன். அடியில் என் கையாலேயே ஒரு வரி சேர்த்தேன்: "எர்த் மிக நன்றாக உள்ளதால் ஆறு மாதத்துக்குள் பொருத்தினால் போதும்." அவருக்குச் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். மெயின் போர்டுக்குப் பக்கத்தில் பச்சை ஸ்டிக்கரை ஒட்டினேன். சோதித்தது, நன்று, தேதி, கையெழுத்து, என் போன் நம்பர். ஓரம் தூக்காமல் கட்டை விரலால் நன்றாகத் தேய்த்துவிட்டு வந்தேன்.

சித்திரை வந்தது. தடைக்காலம் தொடங்கி மூன்று வாரம் ஆகியிருக்கும். எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் ஒரு வீட்டைச் சோதிக்கப் போயிருந்தேன். மதியம் ஒரு மணி, வெயில் மண்டையைப் பிளந்தது. வேலை முடிந்து வெளியே வந்து ஸ்கூட்டரை எடுக்கும்போது, பக்கத்து வீட்டு வாசலில் ஓர் ஐஸ் பெட்டி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் மேல் துணி விரித்து வடகம் காய வைத்திருந்தார்கள். அந்த வீட்டு அம்மா காக்கா ஓட்டிக்கொண்டிருந்தாள்.

சும்மா பேச்சுக்குக் கேட்டேன். "இன்னாமா, பொட்டிக்கு லீவா?"

"காசிமேட்டுல லாஞ்சு போனாத்தான எனக்குப் பொட்டி. தடை முடியட்டும், அப்பால பாப்போம். அதுவரைக்கும் அதுல ஒரு சொட்டுத் தண்ணி கீதா பாரு, காஞ்சி கருவாடா பூட்சி" என்று பெட்டியைத் தட்டிக் காட்டினாள்.

ஸ்கூட்டர் சாவியைத் திருப்பினேன். திருப்பிய கை அப்படியே நின்றது.

ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. காசிமேட்டில் அந்த மூலையிலும் மூன்று வாரமாக ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்திருக்காது. மேலே சித்திரை வெயில், கீழே வெறும் மணல். நான் தங்கம் என்று எழுதிய எர்த் இப்போது எர்த்தே இல்லை. ட்ரிப் ஸ்விட்ச் இல்லை, அவசரமில்லை என்று நான்தான் எழுதினேன். அந்த மோட்டார் கடல் காற்றில் நின்று வருஷக்கணக்கில் அரித்துப் போனது. அது கொஞ்சம் கசிந்தாலும், மண்ணுக்குள் போக வழியில்லாத கரண்ட் அந்த எர்த் கம்பி வழியாகவே திரும்பி ஆறு வீட்டுக்குள்ளும் போகும். ஃபிரிட்ஜின் மேல் நிற்கும். பீரோவை ஒட்டி நிற்கும் ஃபேன் மேல் நிற்கும். கிரைண்டரின் மேல் நிற்கும்.

கிரைண்டர்! மீன் இல்லாத நாளில்தான் அவள் அதை ஓட்டுவாள். எர்த் காய்கிற அதே நாட்களில், ஈரக் கையை வைத்துக்கொண்டு, ஈரத் தரையில் உட்கார்ந்து, காலையிலிருந்து மூன்று மணி வரை. எல்லாவற்றையும் அவளே என்னிடம் சொன்னாள். டீயையும் கொடுத்துச் சொன்னாள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு இரண்டு மாதமும் ஒரு வடகமும் தேவைப்பட்டது.

ரெஜினாவின் நம்பர் என் பையிலிருந்த பழைய படிவத்தில் இருந்தது. அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. வீட்டுக்காரருக்கு அடித்தேன்.

"சார், கம்பவுண்டுல யார்கிட்டயாச்சும் சொல்லி உடனே மெயினை ஆஃப் பண்ணச் சொல்லுங்க."

"இன்னா சார் பேஜாரு பண்றீங்க? எல்லாம் நல்லா கீதுன்னு நீங்கதான எழுதிக் குடுத்தீங்க. லேமினேஷன் போட்டு வெச்சிகினு கீறேன்."

"அந்தக் காகிதத்த நம்பாதீங்க சார்."

"அப்போ எத்த நம்புறது?"

நியாயமான கேள்வி. வேறு யார் நம்பராவது இருக்கிறதா என்று கேட்டேன். "எல்லாத்துக்கும் ரெஜினாதான் பேசும். அது நம்பர்தான் என்னாண்ட கீது" என்றார்.

கிளம்பினேன். எண்ணூரிலிருந்து காசிமேடு எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியும். அந்தச் சாலை எப்படி இருக்கும் என்றும் தெரியும். எர்ணாவூர் தாண்டுவதற்குள் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கிற லாரிகள். இரண்டு வரிசை நின்றபின் ஸ்கூட்டர் நுழையக்கூட இடம் இல்லை. ஒரு டிரைவர் லாரி நிழலில் பாய் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். நான் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தேன். "எதுக்குடா கத்துற, பறந்தா போவ முடியும்?" என்று யாரோ மேலேயிருந்து சொன்னார்கள்.

இப்போது சொல்லப்போவதை யாரிடமும் இதுவரை சொன்னதில்லை. அங்கே நின்றபோதே எனக்கு வழி தெரியும். காசிமேட்டு ஈ.பி. ஆபீஸுக்குப் போன் போட்டு, போஸ்ட்டிலேயே சப்ளையை நிறுத்தச் சொல்ல வேண்டும். ஐந்து நிமிஷ வேலை. ஆனால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் என் ரிப்போர்ட் தப்பு என்று சொல்ல வேண்டும். அங்கே எல்லாருக்கும் என் முகம் தெரியும். லைசென்ஸ் என் பேரில் இருக்கிறது. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒருவேளை மழைத்தண்ணீர் தேங்கியிருக்கலாம் என்று நினைத்தேன், சித்திரையில் என்ன மழை! மோட்டார் கசியாமலும் இருக்கலாமே என்று நினைத்தேன். இன்றைக்குப் பார்த்து அவள் மாவு அரைக்காமல் எங்கேயாவது கல்யாணத்துக்குப் போயிருக்கலாம் என்றுகூட நினைத்தேன். போனை எடுக்காததற்கு அதுதான் காரணம் என்று என்னையே நம்பவைக்கப் பார்த்தேன்.

நாலு நிமிஷம் இருக்கும். நாலு நிமிஷம் ஒரு பெண்ணின் உயிரைவிட என் பேர் பெரிதாக இருந்தது. இதை அழகாக எழுத எனக்குத் தெரியவில்லை, அப்படித்தான் இருந்தது.

பிறகு மறுபடி ஒருமுறை ரெஜினாவுக்கு அடித்தேன். மணி போய் நின்றது. அந்த மணி நின்றதும் எனக்குள் இருந்த எல்லாக் கணக்கும் போய்விட்டது. ஈ.பி. ஆபீஸுக்கு அடித்தேன். ஒரு லைன்மேன் எடுத்தார்.

"எந்தப் போஸ்ட்டு சார்?"

"மாதா சிலை வெச்ச கெபி ஓரத்துல நிக்குதே, அந்தப் போஸ்ட். கம்பவுண்டுக்குப் போற லைன். உடனே ஃபியூஸைப் புடுங்குங்க, கெஞ்சிக் கேக்குறேன்."

"புடுங்கலாம். இன்னா காரணம்னு எழுதணுமே."

"நான் குடுத்த ரிப்போர்ட் தப்பு. அதையே எழுதுங்க. என் பேரையும் எழுதிக்குங்க."

"தோ, ஆளு கிளம்பிட்டான் சார்" என்று வைத்தார். அவ்வளவுதான். நான் பயந்த கேள்வி எதையும் அவர் கேட்கவில்லை.

லாரி வரிசை எப்போது நகர்ந்தது, எப்படி வந்தேன் என்று நினைவில்லை. திருவொற்றியூரில் ஒரு சிக்னலை மீறினேன் என்று மட்டும் தெரியும். வழி முழுக்க என் காதில் அந்த மணி அடித்துக்கொண்டே இருந்தது. கம்பவுண்டு முனையில் ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். வாசலிலேயே சத்தம் கேட்டது.

"எவன்டா அவன் கரண்ட நிறுத்துனது? உளுந்து பாதில நிக்குது, பொங்கி வழியுது! ஊரெல்லாம் கரண்டு கீது, எனக்கு மட்டும் இல்லியா? அவன் மட்டும் கைல மாட்டட்டும்..."

ரெஜினா. இரண்டு கையிலும் முழங்கை வரை மாவு. உயிரோடு நின்று திட்டிக்கொண்டிருந்தாள். அவள் வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். திட்டு முழுசையும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். அவ்வளவு இனிமையான திட்டை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, மறைக்கவும் தோன்றவில்லை.

"இன்னா நைனா, இப்படி வேர்த்துகினு வந்து கீற? ஒடம்பு சரியில்லியா?" என்றாள் என்னைப் பார்த்ததும்.

"நான்தான்மா நிறுத்தச் சொன்னேன். போனை ஏன் எடுக்கல?"

"கிரைண்டர் சத்தத்துல போனு எங்க கேக்கும்?"

நான் ஒவ்வொரு முறை அடித்தபோதும் அது ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

உள்ளே பார்த்தேன். கிரைண்டருக்கு முன்னால் ஒரு மரப்பலகை போட்டிருந்தாள். காலில் தடித்த ரப்பர் செருப்பு. வீட்டுக்குள் செருப்பு போடுகிற பெண் இல்லை ரெஜினா. சுவரில் மாதா படம் மாட்டி, வாசலிலேயே கால் கழுவி வருகிறவள்.

"செருப்பு எதுக்குமா?"

அவள் கொஞ்சம் வெட்கப்பட்டாள். "அத்த ஏன் கேக்குற? பத்து நாளா கிரைண்டர்ல கை வெச்சா கிர்ருன்னு தோள் வரைக்கும் ஏறுது. குழாயைத் தொட்டாலும் அப்படித்தான். செருப்பு போட்டுகினா கொஞ்சம் கொறையுது."

"கரண்ட் அடிக்குதுன்னு யார்கிட்டயும் சொல்லலியா?"

"கரண்டுன்னு நான் எப்படிச் சொல்ல முடியும்? போர்டாண்ட நீதான ஒட்டிட்டுப் போயிருக்க, எல்லாம் நல்லா கீதுன்னு. படிச்ச மனுசன் மீட்டரு வெச்சிப் பாத்து கையெழுத்துப் போட்டிருக்கான். அப்போ கோளாறு என் ஒடம்புலதான்னு டாக்டராண்ட போனேன். கை மரத்துப் போவுதுன்னு சொன்னேன். நரம்பு வீக்குன்னு மாத்திர குடுத்தாரு."

மாதா படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினாள். சத்து மாத்திரை. பாதி காலியாகியிருந்தது. வேளாவேளைக்கு ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கிறாள்.

அந்த அட்டையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வந்த வெட்கத்தைச் சொல்ல முடியாது. அவளுடைய கை அவளுக்கு உண்மையைச் சொல்லியிருக்கிறது, பத்து நாளும் சொல்லியிருக்கிறது. அந்தக் கையை நம்பாதே என்று சொன்னது என் பச்சை ஸ்டிக்கர்.

"உனக்கும் ஒரு தபா போன் அடிச்சேன் நைனா. நீ எடுக்கல. சரி, பெரிய வேலையா இருப்பன்னு விட்டுட்டேன்."

போனை எடுத்துப் பார்த்தேன். இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டரை மணி. அந்தப் படிவத்தில் அவள் நம்பர் இருந்ததே தவிர நான் போனில் பதிந்து வைத்திருக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன், தெரியாத நம்பர், லோன் வேண்டுமா என்று கேட்கிறவர்கள் என்று நினைத்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். பெரிய வேலை.

அதன்பின் நடந்த சோதனையை நீட்டவில்லை, உங்களுக்கே தெரியும். எர்த் குழியின் மூடியைத் திறந்தால் மணல் வறுத்த ரவை மாதிரி உதிர்ந்தது. மாசியில் இரண்டைத் தாண்டாத அளவு இப்போது நூறைத் தாண்டி நின்றது. மோட்டார் நான் நினைத்தபடியே கசிந்துகொண்டிருந்தது, போன வருஷத் தடைக்காலம் வரை அது கசியாமல் இருந்திருக்க வேண்டும். கொஞ்சமாகத்தான், அதனால்தான் பத்து நாள் கிர்ரோடு நின்றது. இன்னும் ஒரு வாரம் மணல் காய்ந்திருந்தால், அல்லது ஒரு நாள் அந்தச் செருப்பு அறுந்திருந்தால் என்று யோசிப்பதை நான் அங்கேயே நிறுத்தப் பார்த்தேன். இன்றும் முழுசாக நிறுத்த முடியவில்லை.

மற்ற ஐந்து வீட்டிலும் போய்க் கேட்டேன். ஒரு வீட்டில் ஃபிரிட்ஜ் கதவைத் துணி வைத்துத் திறந்துகொண்டிருந்தார்கள். இன்னொரு வீட்டில், குளிக்கும்போது குழாயைத் தொடாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். ஒருவர்கூட அதைக் கோளாறு என்று சொல்லவில்லை. ஸ்டிக்கர் இருக்கிறதே!

வீட்டுக்காரர் வந்தார். லேமினேஷன் போட்ட ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுவந்தார். அதை வாங்கி, அவர் முன்னாலேயே குறுக்கே கோடு போட்டு, 'செல்லாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிளாஸ்டிக் மேல் பேனா வழுக்கியது, இரண்டு முறை அழுத்தி எழுத வேண்டியிருந்தது. அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அந்த மாத்திரை அட்டையைப் பார்த்ததும், ஆக வேண்டியதைச் செய்யுங்கள் என்றார். அன்று மாலையே மோட்டாரைக் கழற்றினோம். ஈரம் எப்போதும் இருக்கும் ஆழம் வரை புதுக் குழி இறக்கினோம். ஆறு வீட்டுக்கும் ட்ரிப் ஸ்விட்ச் வந்தது. மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் ரெஜினா அடுத்த தெருவில் தெரிந்தவர் வீட்டில் மாவு அரைத்தாள், நானே பாத்திரம் தூக்கிப் போய்க் கொடுத்தேன்.

நான்காம் நாள் எல்லாவற்றையும் அளந்தேன். ஈரமாக அளந்தேன், காய்ந்தபின் அளந்தேன், பொத்தானை அழுத்தி ஒவ்வொரு ட்ரிப் ஸ்விட்சும் விழுகிறதா என்று பார்த்தேன். குறை ஒன்றும் இல்லை. சப்ளையைக் கொடுத்துவிட்டு, "இப்போ தொடலாம்மா, ஒண்ணும் ஆகாது" என்றேன்.

ரெஜினா நகரவில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"மொதல்ல நீ தொடு நைனா."

மீட்டர் என் கையில் இருந்தது. எண் என் கண் முன்னால் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அந்த ஈரத் தரையில் நின்றேன். கையை நீட்டினேன். கிரைண்டருக்கு ஒரு சாண் முன்னால் கை நின்றுவிட்டது, சத்தியமாக நின்றுவிட்டது. இந்தப் பத்து நாளும் அவள் எப்படித் தினமும் காலையில் வந்து இதைத் தொட்டாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு வைத்தேன். குளிர்ந்த எவர்சில்வர், வேறொன்றும் இல்லை.

அவளும் வைத்தாள். கொஞ்ச நேரம் எடுக்காமலே இருந்தாள். பிறகு, "மாத்திரைய நிறுத்திடலாமா?" என்று கேட்டாள்.

டாக்டரைக் கேட்டு நிறுத்துங்கள் என்றேன். இனி எனக்குத் தெரியாததில் வாயை வைக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

உங்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். நல்ல அளவு வந்தால் சந்தோஷப்படுவதற்கு முன், அது யார் தயவில் நல்லதாக வந்தது என்று பாருங்கள். ஐஸ் பெட்டியாக இருக்கலாம், கசியும் குழாயாக இருக்கலாம், பக்கத்து வீட்டுத் தோசைக்கல் கழுவும் தண்ணீராக இருக்கலாம். வருஷத்தில் எப்போது வேலை இருக்கும், எப்போது இருக்காது என்று குடியிருப்பவர்களைக் கேளுங்கள். டீ கொடுத்தால் குடியுங்கள், ஆனால் காதை மூடிக்கொண்டு குடிக்காதீர்கள். தப்பு செய்தோம் என்று தெரிந்தால் முதல் போனை, ஃபியூஸைப் பிடுங்கக் கூடியவருக்குப் போடுங்கள். எனக்கு நாலு நிமிஷம் ஆனது, உங்களுக்கு அதுகூட ஆகக் கூடாது.

அன்று புது ஸ்டிக்கரை எடுத்தபோது ரெஜினா தடுப்பாள் என்று நினைத்தேன். அவள் தடுக்கவில்லை. "ஒட்டு. ஆனா தடைக்காலம் வந்தா நான் போன் அடிப்பேன், நீ வந்து பாக்கணும்" என்றாள். சும்மா சொல்கிறாள் என்று நினைத்தேன். அடுத்த வருஷம் தடைக்காலம் தொடங்கிய அன்றே போன் வந்தது. "பொட்டிய கவுத்துட்டேன் நைனா." அவ்வளவுதான் சொல்வாள். நான் மீட்டரை எடுத்துக்கொண்டு போவேன். ஒவ்வொரு முறையும் அளவு சரியாகவே இருந்தது. ஒவ்வொரு முறையும் அவள், மொதல்ல நீ தொடு என்றாள். ஓய்வு பெற்ற பிறகும் போனேன்.

இந்த வருஷம் என் முட்டி ஒத்துழைக்கவில்லை. படி இறங்கவே மகள் கையைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அதனால் ரெஜினாவுக்கு நம் அலுவலகத்தில் உங்கள் மேஜையில் இருக்கும் போனின் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். அவள் பேர் அதில் பதிந்திருக்காது. சித்திரையில் ஒரு நாள், நீங்கள் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருக்கும் நேரத்தில், தெரியாத நம்பராகத்தான் வரும். எடுங்கள்.